வெளிவருவதற்கு முன்பே வழுவைச் சொல்லுவோம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

முழுமையாக வெளியிடப்படுவதற்கு முன் கட்டற்ற மென்பொருள்களின் முன்னோட்டப் பதிப்புகளைத் தமிழில் பயன்படுத்திப் பார்த்து, கண்ட பிழைகளை, அதாவது வழுக்களை, உரிய இடத்தில் தெரிவிக்குமாறு சென்ற இதழில் கேட்டிருந்தேன். கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்கள் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால், அவற்றுக்கு இந்த இதழை முழுவதுமாக ஒதுக்கியிருக்கிறேன்.

மஞ்சக்குப்பத்தில் டி.டி.பி. நிலையம் நடத்துகிறேன். கட்டற்ற அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபீஸின் பீட்டா எனப்படும் முன்னோட்டப் பதிப்பைப் போட்டுப் பார்க்க ஆசைதான். ஆனால் இருப்பது ஒரே கணினி. முகூர்த்த நாள்களில் அது படுத்துவிட்டால் என் பிழைப்பும் படுத்துவிடும். என்ன செய்வது?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

உங்கள் அச்சம் நியாயமானது. தொழில் நடக்கும் கணினியில் கண்ணை மூடிக்கொண்டு எதையும் நிறுவ வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனாலும் லிப்ரே ஆபீஸைப் பொறுத்தவரை ஒரு வசதி உண்டு. அதன் ஆல்ஃபா, பீட்டா பதிப்புகள் 'லிப்ரே ஆபீஸ் டெவ்' என்ற தனிப் பெயரில், தனி அமைப்புக் கோப்புறையுடன் நிறுவப்படுகின்றன. அன்றாடம் நீங்கள் பயன்படுத்தும் நிலையான பதிப்பு அப்படியே பக்கத்தில் இருக்கும். பீட்டாவுக்கு அடுத்து வரும் ஆர்.சி. எனப்படும் வெளியீட்டு முன்பதிப்போ பழைய பதிப்பின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடும். கடைசிக் கட்டத்துப் பதிப்புதானே, பாதுகாப்பாக இருக்கும் என்று எண்ணிப் பலர் ஆர்.சி.யைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே கணினி வைத்திருக்கும் உங்களுக்குப் பீட்டாவே பொருத்தமானது.

காலத்தையும் பாருங்கள். லிப்ரே ஆபீஸின் பெரிய வெளியீடுகள் ஆண்டுக்கு இரண்டு. ஒன்று பிப்ரவரியை ஒட்டியும் மற்றொன்று ஆகஸ்டை ஒட்டியும் வருகின்றன. 2024 முதல் 24.2, 24.8 என ஆண்டையும் மாதத்தையும் கொண்டே அவற்றுக்கு எண் இடுகிறார்கள். பிப்ரவரி வெளியீட்டின் பீட்டா டிசம்பர் வாக்கில் வரும். மார்கழியில் கல்யாண முகூர்த்தங்கள் இராது என்பதால், அந்த நாள்களில் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்கலாம்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வாடிக்கையாளரின் மூலக் கோப்பைப் பீட்டாவில் திறக்காதீர்கள். தனிக் கோப்புறையில் நகல் எடுத்து, அந்த நகலை மட்டுமே திறந்து சேமியுங்கள். மென்பொருளை விட்டு டெபியன், உபுண்டு போன்ற இயங்குதளத்தையே சோதிக்க விரும்பினால் பென் டிரைவிலிருந்து நேரடியாக இயக்கலாம், அல்லது கணினிக்குள் இன்னொரு கணினி போல இயங்கும் விர்ச்சுவல் பாக்ஸுக்குள் வைத்து இயக்கலாம். வன்தட்டைத் தொட வேண்டியதில்லை.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். நிரல் ஒரு வரிகூட எழுதத் தெரியாது. மென்பொருளில் என்னால் என்ன சோதித்துவிட முடியும்? மேலும், மென்பொருள் பிழையைக் குறிக்கும் 'பக்' என்பதற்கு நல்ல தமிழ்ச் சொல் இல்லையா?
– வாசகர், வில்லியனூர், புதுச்சேரி

இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன், ஐயா. கட்டற்ற மென்பொருள் வட்டாரத்தில் அதனை 'வழு' என்கிறார்கள். வழு, வழாநிலை, வழுவமைதி என்று வகுப்பில் எத்தனை முறை பாடம் நடத்தியிருப்பீர்கள்! அந்த இலக்கணப் பயிற்சிதான் இங்கே தேவைப்படுகிறது.

காரணம் எளிது. இந்த மென்பொருள்களில் வேலை செய்யும் நிரலர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆங்கில எழுத்து ஒன்று தலைகீழாகத் தெரிந்தால் அவர்கள் அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவார்கள். ஒற்றைக்கொம்பு ஓர் எழுத்துத் தள்ளி நின்றால் அது பிழை என்பதே அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. தானாக இயங்கும் சோதனைகள் உண்டு என்றாலும், யாராவது ஒருவர் முன்பே சொல்லி வைத்ததைத்தான் அவை பார்க்கும். தமிழ் படிக்கும் ஒருவர் முன்னோட்டக் காலத்தில் பார்க்கவில்லை என்றால் அந்தப் பிழை அப்படியே வெளியாகி, நம்மூர்ப் பள்ளிக்கூடக் கணினி வரை வந்து சேரும்.

என்ன பார்ப்பது என்றால், எழுத்து உருப்பெறும் விதத்திலிருந்து தொடங்கலாம். 'கெ' என்பதில் ககரத்தை முதலில் தட்டிக் கொம்பைப் பின்னர் தட்டுகிறோம். திரையிலோ கொம்பு முன்னால் வந்து நிற்க வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வதற்கு ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துருவாக்கப் பொறி இருக்கிறது. 2017இல் வந்த 5.3 பதிப்பு முதல் லிப்ரே ஆபீஸ் எல்லா இயங்குதளங்களிலும் அதையே பயன்படுத்துகிறது. ஃபயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு ஆகியவற்றிலும் அதுவே இருக்கிறது. ஆகவே அந்தப் பொறியில் நீங்கள் காணும் ஒரு பிழை, பல மென்பொருள்களுக்கும் பொதுவான பிழையாக இருக்கக்கூடும்.

அடுத்து, அகரவரிசை. விரிதாளில் 'அக்கா', 'அகம்' என்ற இரண்டு சொற்களைக் கீழ்மேலாக எழுதி வரிசைப்படுத்திப் பாருங்கள். நம் அகராதி முறைப்படி மெய் முன்னும் உயிர்மெய் பின்னும் வருவதால் 'அக்கா' முதலில் நிற்க வேண்டும். 'அகம்' முதலில் வந்தால், மென்பொருள் தமிழ் முறையை விட்டுவிட்டுக் எழுத்துகளுக்குக் கணினியில் உள்ள குறியெண்ணின் வரிசைப்படி அடுக்கியிருக்கிறது என்று பொருள். இதைக் கண்டுபிடிக்கத் தமிழாசிரியரைவிடத் தகுதியானவர் யார்? அதேபோல், பி.டி.எஃப். ஆக மாற்றிய பக்கத்திலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து வேறோர் ஆவணத்தில் ஒட்டிப் பாருங்கள். பார்வைக்குச் சரியாக இருந்த பக்கம், ஒட்டியவுடன் கொம்பும் காலும் சிதறிக் கிடப்பதுண்டு. வரி ஓரத்தில் சொல் உடையும் இடம், தடித்த எழுத்திலும் சாய்வெழுத்திலும் புள்ளி நிற்கும் இடம், பட்டியல்களில் வெட்டுப்படும் ஊகார வால், மொழிபெயர்க்கப்பட்ட மெனுச் சொற்களில் உள்ள ஒற்றுப்பிழை என்று உங்கள் கண்ணுக்கு மட்டுமே படக்கூடியவை இன்னும் எத்தனையோ உண்டு.

தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் துணை தேடிக்கொள்ளுங்கள். விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் கூடும் குனு லினக்ஸ் பயனர் குழு இயங்கி வருகிறது. வில்லியனூரிலிருந்து அது தொலைவில்லை.

ஒரு கட்டற்ற அலுவலக மென்பொருளின் பீட்டாவில் 'கௌரி' என்று தேடினால் என் உறுப்பினர் பட்டியலில் இருக்கும் கௌரிகளுள் பாதிப் பேர் கிடைப்பதில்லை. பிழையறிக்கை கொடுத்தேன். 'இது பிழை அன்று' என்று ஒரே வரியில் மூடிவிட்டார்கள். கண்ணெதிரே நடப்பதை இல்லை என்றால் எப்படி?
– வாசகர், நெல்லிக்குப்பம்

நீங்கள் இணைத்தனுப்பிய பட்டியலைத் திறந்து பார்த்தேன். அதில் இரண்டு விதமான பெயர்கள் இருக்கின்றன. சிலவற்றில் ககரத்துக்குப் பின் ஔகாரக் குறி உள்ளது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் வகுக்கும் யூனிகோடு முறையில் அது ஒரே குறியெண். மற்றவற்றில் ஒற்றைக்கொம்பும், அதன் பின் ளகர எழுத்தும் தட்டப்பட்டிருக்கின்றன. பின்னது உண்மையில் 'கெ', 'ள', 'ரி' என்ற மூன்றெழுத்து. தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கோ இவை வெவ்வேறு சொற்கள். பழைய எழுத்துருக்களில் கொம்பையும் ளகரத்தையும் சேர்த்தே ஔகாரத்தைக் காட்டிவந்த கைப்பழக்கம் இன்னும் நம்மிடையே இருப்பதால் இந்தக் குழப்பம் எங்கும் காணக்கிடைக்கிறது.

நீங்களே உறுதி செய்துகொள்ளலாம். லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் அந்த எழுத்தை அடுத்துக் கர்சரை வைத்து, ஆல்ட், எக்ஸ் ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். எழுத்து இருந்த இடத்தில் அதன் குறியெண் தோன்றும். மறுபடியும் அழுத்தினால் எழுத்து திரும்பிவிடும். ளகரத்தின் குறியெண் வந்தால், தட்டச்சில்தான் பிழை. 'ஸ்ரீ' என்பதிலும் இதே சிக்கல் உண்டு. வடமொழிச் சகரமாகிய 'ஶ' 2005இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட பின்னர், ஸகரத்தைக் கொண்டும் ஶகரத்தைக் கொண்டும் என இரண்டு வழிகளில் அதே வடிவத்தைப் பெற முடிகிறது.

ஆகவே உங்கள் அறிக்கையை மூடியது சரிதான். ஆனால் ஒரே வரியில் மூடியது சரியில்லை என்பதே என் கருத்து. இவ்வளவு விளக்கத்தையும் அங்கே எழுதியிருந்தால் நீங்கள் மனம் வெதும்பியிருக்க மாட்டீர்கள். எழுதியவருக்குத் தமிழ் தெரியாமல் இருந்திருக்கலாம். இதற்கெல்லாம் மனம் தளர்ந்து ஒதுங்கிவிட வேண்டாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. தேடும்போது இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதும் வசதியைச் சேர்க்குமாறு, பிழையாக அல்லாமல் மேம்பாட்டுக் கோரிக்கையாக எழுதலாம். பிழைப்பதிவுத் தளங்களில் அதற்கென்று தனி வகை உண்டு.

இதனோடு ஒத்ததாகத் தோன்றும் ஆனால் வேறான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'கொடி' என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். இவ்விரண்டும் சமமானவை என்று யூனிகோடு விதியே சொல்கிறது. எனவே ஒன்றைத் தேடும்போது மற்றது அகப்படாவிட்டால் தாராளமாகப் பிழை என்று எழுதுங்கள். ஆனால் பின்னழிப்பு விசையை அழுத்தும்போது முதல் வகையில் 'க' மிஞ்சுவதும் இரண்டாம் வகையில் 'கெ' மிஞ்சுவதும் பெரும்பாலான மென்பொருள்களில் தெரிந்தே வைத்திருக்கும் நடத்தை. வில்லியனூர் ஐயா அதை வழுவமைதி என்பார்.

'புதிய பீட்டாவில் தமிழ் வேலை செய்யவில்லை' என்று எழுதினேன். 'விவரம் போதாது' என்ற நிலையில் மாதக்கணக்கில் கிடக்கிறது. வேறு எப்படி எழுத வேண்டும்? எனக்கு ஆங்கிலமும் சரளமாக வராது.
– கல்லூரி மாணவி, காலாப்பட்டு, புதுச்சேரி

'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொன்னால் மருத்துவர் என்ன மருந்து கொடுப்பார்? அவர் தொட்டுப் பார்த்தாவது அறிந்துகொள்வார். உங்கள் கணினியை நிரலர் தொட்டுப் பார்க்க முடியாது. உங்கள் எழுத்தைப் படித்து அதே பிழையைத் தன் கணினியில் வரவழைக்க முடிந்தால்தான் அவரால் அடுத்த அடி வைக்க முடியும். ஆகையால் பிழையறிக்கையின் உயிர்நாடி, மறுபடியும் நிகழ்த்திக் காட்டும் படிகள்.

ஒன்றைக் கண்ணால் கண்டேன், அதைச் சொல்கிறேன். திருப்பாதிரிப்புலியூரில் ஓர் அச்சகத்தில் 64 பக்கக் கோயில் விழா மலர் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். முன்னோட்டப் பதிப்பில் நகலைத் திறந்து பி.டி.எஃப். எடுத்தபோது ஏதோ ஓரிடத்தில் கொம்புகள் எழுத்தைவிட்டு விலகி நின்றன. 'மலர் முழுதும் கெட்டுப்போயிற்று' என்றுதான் அங்கிருந்த தம்பி முதலில் எழுதப் போனார். நான் தடுத்து, பாதிப் பக்கங்களை நீக்கிவிட்டுப் பார்க்கச் சொன்னேன். பிழை இருந்தது. அதில் பாதியை நீக்கினோம். பிழை காணாமற்போனது. எனவே நீக்கிய பாதியை மட்டும் வைத்துக்கொண்டு தொடர்ந்தோம். 64 பக்கம் ஆறே முறையில் ஒரு பக்கமாயிற்று. அந்தப் பக்கம் மேலும் சுருங்கி ஒரே தலைப்பு வரியில் வந்து நின்றது. அந்தத் தலைப்பில் மட்டும் அழகுக்காக எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டியிருந்தார்கள். இடைவெளியைக் குறைத்தால் கொம்பு ஒட்டிக்கொண்டது, கூட்டினால் பிரிந்தது. அரைமணி நேர வேலைதான். அதன் பிறகு எழுதிய அறிக்கை நான்கு வரி: புதிய ஆவணத்தைத் திறக்கவும், 'தேரோட்டம்' என்று தட்டச்சு செய்யவும், எழுத்து இடைவெளியை மூன்று பாயின்ட் ஆக்கவும், பி.டி.எஃப். ஆகச் சேமிக்கவும். இதைச் செய்து பார்க்கத் தமிழ் தெரிய வேண்டியதில்லை, ஒட்டுவதற்கு அந்தச் சொல் இருந்தால் போதும்.

நீங்களும் அவ்வாறே படிகளை எழுதி, அதன் கீழ் என்ன நடக்க வேண்டும் என்பதை ஒரு வரியிலும், என்ன நடந்தது என்பதை ஒரு வரியிலும் எழுதுங்கள். இரண்டுக்கும் படம் எடுத்து இணையுங்கள். பழைய பதிப்பில் சரியாகத் தெரியும் படமும் புதிய பதிப்பில் பிழையாகத் தெரியும் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, பிழையான இடத்தில் ஒரு சிவப்பு வட்டமும் இருந்தால், பாதி ஆங்கிலம் மிச்சமாகிவிடும். கொம்பு மெய்க்கு இடப்பக்கம் நிற்க வேண்டும், இங்கே வலப்பக்கம் நிற்கிறது என்பது போன்ற சிறு விளக்கம் மட்டும் போதும். இலக்கணப் பிழையுள்ள ஆங்கிலத்தில் தெளிவான படிகளைக் கொண்ட அறிக்கையை யாரும் ஒதுக்குவதில்லை. அங்கே எழுதுகிறவர்களில் பலருக்கு ஆங்கிலம் தாய்மொழி அன்று.

பதிப்பு எண்ணை நினைவிலிருந்து எழுதாதீர்கள். லிப்ரே ஆபீஸில் உதவி மெனுவில் 'லிப்ரே ஆபீஸ் பற்றி' என்பதைத் திறந்தால், எல்லா விவரங்களையும் ஒருங்கே நகலெடுக்கும் பொத்தான் இருக்கிறது. ஃபயர்பாக்ஸில் சிக்கல் தீர்க்கும் தகவல் பக்கத்திலும் அவ்வாறே எடுக்கலாம். தமிழ்ப் பிழைகளுக்கு எழுத்துருவின் பெயரும், தமிழ்99 முதலிய எந்த விசைப்பலகை என்பதும் அவசியம். வேறோர் எழுத்துருவில் அதே பிழை வருகிறதா என்று பார்த்துச் சொல்லிவிட்டால், குற்றம் எழுத்துருவிலா மென்பொருளிலா என்ற முதல் சந்தேகம் அங்கேயே தீரும். உதவி மெனுவில் உள்ள பாதுகாப்பு முறையில் மறுதொடக்கம் செய்தும் ஒருமுறை பாருங்கள். அப்போது பிழை மறைந்தால், உங்கள் பழைய அமைப்புகளோ நீட்சிகளோ காரணமாக இருக்கலாம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. நீங்கள் இணைக்கும் கோப்பு உலகம் முழுவதும் பார்க்கும்படி நிலையாக அங்கே இருக்கும். கல்லூரிப் பட்டியலையோ ஆதார் எண் உள்ள படிவத்தையோ அப்படியே ஏற்றிவிடாதீர்கள். பெயரையும் கைப்பேசி எண்ணையும் நீக்கி, பிழை காட்டும் ஒரு வரியை மட்டும் வைத்துப் புதுக்கோப்பு உருவாக்குங்கள். டெபியனில் மின்னஞ்சல் வழியாகவே அறிக்கை செல்வதால் உங்கள் மின்னஞ்சல் முகவரியும் வெளியே தெரியும். அதற்கென்று தனி முகவரி வைத்துக்கொள்வது நல்லது.

இறுதியாக, லிப்ரே ஆபீஸின் பிழைப்பதிவுத் தளத்தில் புதிய அறிக்கை 'உறுதி செய்யப்படாதது' என்ற நிலையில் நிற்கும். வேறொருவர் அதே படிகளைச் செய்து பார்த்துத் தனக்கும் வந்தது என்று எழுதினால்தான் அது அடுத்த நிலைக்குப் போகும். உங்கள் வகுப்புத் தோழி ஒருவரை வேறு கணினியில் செய்து பார்த்து எழுதச் சொல்லுங்கள். பழைய அறிக்கையையும் கைவிட வேண்டாம். கேட்ட விவரங்களை அதன் கீழேயே கொடுத்து, நிலையை மாற்றிவிடலாம்.

சென்ற மாதம் வரை சரியாக இருந்தது இப்போது கெட்டுவிட்டது. எந்த நாளில் கெட்டது என்று கண்டுபிடிக்க முடியுமா?
– பொறியியல் மாணவர், கடலூர் முதுநகர்

முடியும். முன்பு சரியாக இருந்து பின்னர் கெட்ட பிழையை 'ரிக்ரஷன்' என்பார்கள். அதற்கு நிரலர்கள் தனிக் கவனம் கொடுப்பார்கள். மேலே விழா மலரில் பக்கங்களைப் பாதி பாதியாக வெட்டினோம் அல்லவா, அதே முறையில் நாள்களை வெட்டலாம். இடையில் 1,000 மாற்றங்கள் நடந்திருந்தாலும் சுமார் பத்து முறை சோதித்தால் குற்றவாளி மாற்றம் அகப்பட்டுவிடும். ஃபயர்பாக்ஸுக்கு 'மோஸ்ரிக்ரஷன்' என்ற கருவி உண்டு. அது நாள்வாரிப் பதிப்புகளைத் தானே இறக்கித் திறந்து காட்டும், நல்லதா கெட்டதா என்று நீங்கள் சொன்னால் போதும். லிப்ரே ஆபீஸுக்கும் இதற்கென்று பழைய பதிப்புகளைத் தொகுத்து வைத்த களஞ்சியங்கள் இருக்கின்றன. அவை பல ஜி.பி. அளவுள்ளவை என்பதால் கல்லூரி இணைப்பில் இறக்கிக்கொள்ளுங்கள்.

பிழையறிக்கையில் அதிகபட்சத் தீவிரம் என்று குறித்துவிட்டால் விரைவாகக் கவனிப்பார்களா?
– வாசகர், பண்ருட்டி

மாட்டார்கள். டெபியனில் தீவிரத்துக்கு ஏழு நிலைகள் உண்டு. அவற்றுள் மேல் மூன்று நிலைகளில் உள்ளவை வெளியீட்டையே நிறுத்தக்கூடியவை. ஐகான் மங்கலாக இருப்பதை அங்கே வைத்தால் யாரோ ஒருவர் தம் நேரத்தைச் செலவிட்டு அதைக் கீழே இறக்க வேண்டியிருக்கும். கோப்பு அழிவது, மென்பொருள் திறக்கவே மறுப்பது போன்றவற்றுக்கே அந்த நிலைகளைப் பயன்படுத்துங்கள். பிறர் தகவலைத் திருட வழிவகுக்கும் பாதுகாப்புக் குறையாக இருந்தால் பொதுப் பதிவில் எழுதவே கூடாது. பெரிய திட்டங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பாதுகாப்புக் குழு உண்டு, அவர்களுக்குத் தனியே தெரிவியுங்கள்.

விரைவு வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்வதுதான் வழி. வெளியீட்டு நாள் நெருங்க நெருங்க, புதிய வசதிகளைச் சேர்ப்பது முதலில் நிற்கும். பின்னர் மெனுச் சொற்களை மாற்றுவதும் நிற்கும். கடைசி நாள்களில் ஒரு சிறு திருத்தத்தைக்கூடப் பலர் சரிபார்த்த பின்னரே சேர்ப்பார்கள். பீட்டாவில் ஒரு மாலையில் திருத்தக்கூடிய தமிழ்ப் பிழை, ஆர்.சி.யில் சொல்லப்பட்டால் அடுத்த திருத்தப் பதிப்பு வரை காத்திருக்க நேரிடும்.

நான் தெரிவித்த பிழை திருத்தப்பட்டதாக மின்னஞ்சல் வந்தது. மிக்க மகிழ்ச்சி. இனி நான் செய்ய வேண்டியது ஏதும் உண்டா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

வாழ்த்துகள், அம்மா. ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த மின்னஞ்சலை மறுபடியும் படித்துப் பாருங்கள். லிப்ரே ஆபீஸில் இருந்து வந்ததாக இருந்தால், திருத்தம் எந்தப் பதிப்பில் வரும் என்பதும், 24 முதல் 48 மணி நேரத்துக்குள் நாள்வாரிப் பதிப்பில் கிடைக்கும் என்பதும் அதிலேயே இருக்கும். திருத்தியவர் தமிழ் படிக்காதவராக இருக்கலாம். நீங்கள் கொடுத்த படத்தைப் பார்த்து, அதைப் போலவே வருகிறது என்ற நம்பிக்கையில்தான் அவர் முடித்திருப்பார். ஆகவே இரண்டு நாள் கழித்து அந்த நாள்வாரிப் பதிப்பை இறக்கி, முதலில் இணைத்த அதே கோப்பைத் திறந்து பாருங்கள். அந்த எழுத்தோடு நிறுத்தாமல் எகரம், ஏகாரம், ஐகாரம், ஒகரம், ஓகாரம், ஔகாரம் என்று கொம்பு வரும் எல்லா உயிர்மெய்களையும் ஒரு வரியில் எழுதிப் பாருங்கள். ஒன்றைத் திருத்தப் போய் பக்கத்தில் இருப்பது கெடுவதுண்டு. எல்லாம் சரியாக இருந்தால் பதிப்பு விவரத்தை ஒட்டி, 'சரிபார்க்கப்பட்டது' என்று நிலையை மாற்றி, திருத்தியவருக்கு ஒரு வரி நன்றியும் எழுதிவிடுங்கள். ஐகாரம் மட்டும் இன்னும் சரியாகவில்லை என்றால் அதைப் புதிய அறிக்கையாகக் கொடுத்து, பழைய அறிக்கையின் எண்ணை அதில் குறிப்பிடுங்கள்.